பல் பார்த்து ஆள் சொன்னவர்

அந்த நாளில் ஓசூரில் கார் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரும் ஒரே ஆளுக்குப் பயந்தார்கள். போலீசையும் தாசில்தாரையும் எப்படியாவது சரிக்கட்டிவிடலாம். பாகலூர் ரோட்டில், புளியமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக்கைச் சரிக்கட்ட முடியாது.

மற்ற மெக்கானிக்குகள் வண்டி வந்து நின்றால் "என்ன ரிப்பேர்?" என்று கேட்பார்கள். இவர் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். வண்டியை ஒரு பார்வை பார்ப்பார். அதிலிருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக மேலும் கீழும் பார்ப்பார். பிறகு கேட்பார்: "எவன் செஞ்சது?" வந்தவர் கன்னடக்காரர் என்றால் "யாரு மாடித்து?" தெலுங்குக்காரர் என்றால் "எவரு சேசிந்தி?" மூன்று மொழியிலும் அவருக்குச் சரளமாக வந்தது இந்த ஒரு கேள்விதான் என்று சொல்வார்கள். அது பொய். திட்டுவதும் மூன்று மொழியிலும் சரளமாக வரும்.

ஒரு பொருள் தானாகக் கெட்டுப்போகும் என்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. "இரும்புக்குக் கையா காலா? மனுசன் கெடுத்தாத்தான் கெடும்" என்பார். டயரில் ஆணி குத்தியிருந்தால், அந்த ஆணியை ரோட்டில் போட்டவன் யாராக இருக்கும் என்று அரை நாள் யோசிப்பார். பஞ்சர் அதுவரை அப்படியே கிடக்கும். அவருக்கு ஒரு புருவம் கிடையாது. கார்புரேட்டரில் தீப்பிடித்ததில் போனது. அதற்கும் ஒரு பஸ் கண்டக்டரைக் குற்றவாளியாகக் கண்டுபிடித்து வைத்திருந்தார். காலையில் பட்டையாக விபூதி பூசிக்கொண்டு வருவார். கொஞ்ச நேரத்தில் அது பாதி கிரீஸாகிவிடும். வீட்டில் ஒருநாள் குழம்பில் உப்பு கூடிப்போய், அங்கேயும் "எவன் செஞ்சது?" என்று கேட்டிருக்கிறார். "நான்தான். இப்ப என்ன?" என்று அவர் மனைவி கரண்டியோடு வந்து நின்றதும் அந்த வழக்கு அன்றைக்கே தள்ளுபடியாயிற்று.

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்காரர் கதையைச் சொன்னால்தான் இவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று விளங்கும். மண்டிக்காரரின் காரில் கிளட்ச் கருகிப்போயிருந்தது. பின் சீட்டில் மனைவியை உட்கார்த்தி வைத்துக்கொண்டே வந்துவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. முந்தின நாள் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு பார்க்கப் போயிருந்ததாகவும், கூட்டத்தில் நிறுத்தி நிறுத்தி ஓட்டியதில் கிளட்ச் போய்விட்டதாகவும் சொன்னார். மெக்கானிக் கதவைத் திறந்து, கால் மிதியைத் தூக்கி, அதன் அடியில் விரலால் துழாவினார்.

"சந்தைக்குப் போன வண்டின்னா சாணி ஒட்டியிருக்கணும். இங்க மசாலாக் கடலைதான் கெடக்குது" என்றார். பிறகு அந்த அம்மாள் பக்கம் திரும்பி, ஏதோ உடம்புக்கு மருந்து சொல்கிறவர் போலப் பொறுமையாக விளக்கினார். "ஜூஜுவாடி தாண்டி அத்திபெலேவுக்குப் போயிருக்காரும்மா. திரும்பி வர்றப்போ கிளட்ச்சு மேலயே கால வெச்சுக்கினு, பாதித் தூக்கத்துல ஓட்டியாந்திருக்காரு. வேற ஒண்ணும் இல்ல."

அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. செக்போஸ்ட்டைத் தாண்டினால் மைசூர் ராஜ்யம். அங்கே கடை கடையாகத் திறந்திருக்கும். குடிப்பதற்காக ஒரு ராஜ்யம் விட்டு இன்னொரு ராஜ்யம் போய்வந்த பெருமை எங்கள் ஊர்க்காரர்களுக்கு உண்டு. அந்த அம்மாள் வண்டிக் கதவைத் தானே திறந்தார். இறங்கி, சேலைத் தலைப்பை உதறிப் போர்த்திக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறிக் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாராக இருந்தாலும் அவரிடம் காரைக் கொண்டுபோகும் முன் உள்ளேயும் வெளியேயும் கழுவித் துடைத்தார்கள். அந்த வண்டிகள் கல்யாணத்துக்குப் போகும்போதுகூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

ஆனால் அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு லாரியின் டீசல் டாங்கியில் தண்ணீர் கலந்திருந்தது. கிளீனர்தான் ஊற்றினான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். லாரிக்காரர் அங்கேயே கிளீனரை அறைந்து வேலையை விட்டுத் துரத்தினார். பிறகுதான் தெரிந்தது, டீசல் வாங்கிய பீப்பாயிலேயே மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதைச் சொன்னபோது மெக்கானிக் அசையவே இல்லை. "அப்ப அவன் வேற ஏதாச்சும் செஞ்சிருப்பான். அதுக்கு வாங்குனதா இருக்கட்டும்" என்றார். கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். என் கழுத்துக்கு அதே கத்தி வந்தபோதுதான் அந்தக் கிளீனரின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் அப்போது ஒரு முதலாளியின் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். கேழ்வரகும் மல்பெரியுமாக அவருக்குப் பாகலூர்ப் பக்கம் நிறைய நிலம். கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கோயிலில் முன்வரிசை அவருடையது. நல்ல கனத்த குரல். பாட்டுப் பாடும்போது மட்டும் மற்றவர்களைவிட அரை வரி பின்னால் வருவார். பெரிய மனிதரை யார் போய்த் திருத்துவது? கோயில் பாடகர்கள் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். யார் என்ன சொன்னாலும் "ம், ம்" என்பார். அதைப் பெரிய மனுஷத் தோரணை என்று ஊர் எடுத்துக்கொண்டது, நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கார் டிரைவர் என்ற ஒரே பெருமையை வைத்துத்தான் கெலமங்கலத்தில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். எனக்கு நிலமும் கிடையாது, சொந்த வீடும் கிடையாது. முகத்தைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது நன்றாயிருக்காது. வேலை போனால் பெண்ணும் போவாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த நேரம் பார்த்துத்தான் கார் மக்கர் செய்ய ஆரம்பித்தது. வண்டியைக் கிளப்புகிற செல்ஃப் குமிழை இழுத்தால் உர்ர்ரென்று மோட்டார் மட்டும் சுற்றும், இஞ்சின் அசையாது. சில நாள் டங் என்று ஒரு சத்தம் போட்டுச் சிக்கிக்கொள்ளும். கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு இழுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும். பேட்டரி என்றார் ஒருவர், சார்ஜ் போட்டோம். பிளக் என்றார் இன்னொருவர், கழற்றித் துடைத்தோம். முதலாளியின் மனைவி கண்ணாடியில் ஒரு ஜெபமாலையைத் தொங்கவிட்டார். நான் பம்பருக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் எலுமிச்சம்பழம் கட்டினேன். இரண்டு மதமும் சேர்ந்து முயன்றும் வண்டி மனம் மாறவில்லை.

கடைசியில் ஒருநாள் பிஷப் வந்தார். கோயில் வாசலில் ஊரே நிற்க, அவரைப் பின் சீட்டில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டுச் செல்ஃபை இழுத்தேன். டங். ஆட்டிப் பார்த்தேன். மறுபடியும் டங். தள்ளுவதற்கு ஆட்கள் வந்தார்கள். பிஷப் நல்ல மனிதர், தானும் இறங்கிவிட்டார். வெள்ளை அங்கியோடு அவர் குனிந்து தள்ளியதில் வண்டி கிளம்பியது. அங்கியில் கரிய கைத்தடமும் பம்பர் கோடும் விழுந்தன. முதலாளியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார். "என் வண்டியை நீதான் கெடுத்துட்ட. அந்த மெக்கானிக்குக்கிட்ட கொண்டு போ. அவன் வாயால உன் பேரைச் சொன்னான்னா, சாவியைக் குடுத்துட்டு ஊரைப் பாத்துப் போயிடு."

மெக்கானிக் என்னைப் பார்த்ததும் அந்தக் கேள்வியைக் கேட்டார். "தெரியலைங்க" என்றேன். "செஞ்சவனுக்கு எப்பவும் தெரியாது" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சினின் பின்பக்கம் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, "இழு" என்றார். உர்ர்ர். கியரில் போடச் சொல்லி, இடுப்பால் ஒரு இடி இடித்து வண்டியை நகர்த்தினார். "இப்ப இழு." கிளம்பிவிட்டது.

"பேட்டரியும் நல்லா இருக்குது, செல்ஃபும் நல்லா இருக்குது. ஃப்ளைவீல்ல பல்லு போயிருச்சு."

இஞ்சினுக்குப் பின்னால் கனமான ஒரு சக்கரம் இருக்கும், அதுதான் ஃப்ளைவீல். அதன் விளிம்பைச் சுற்றிப் பல் வெட்டிய வளையம் ஒன்று மாட்டியிருக்கும். செல்ஃப் மோட்டாரின் சின்னப் பல் சக்கரம் முன்னால் வந்து அந்தப் பல்லைக் கடித்துத் திருப்பினால்தான் இஞ்சின் உயிர் பெறும். பல் மழுங்கின இடத்தில் கடித்தால் வழுக்கும், இல்லை சிக்கும். வண்டியை ஆட்டினால் வேறு பல் எதிரே வரும். இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் ஜெபமாலையும் எலுமிச்சம்பழமும்.

"வண்டிக்கு என்னன்னு தெரிஞ்சு போச்சு. இனி ஆளுதான்" என்றார் மெக்கானிக், பந்தியில் பாயசம் வரப்போகிற சந்தோஷத்தோடு. "இஞ்சின் நின்னா எப்பவும் கிட்டத்தட்ட ஒரே எடத்துலதான் வந்து நிக்கும். அதனால அந்தப் பல்லுதான் தெனமும் கடி வாங்கும். ஒண்ணு ரெண்டு எடத்துல மட்டும் தேஞ்சிருந்தா வயசாயிடுச்சுன்னு உட்டுரலாம். சுத்தியும் முனை மழுங்கியிருந்தா, இஞ்சின் ஓடிக்கினு இருக்கறப்பவே எவனோ மறுபடியும் செல்ஃப் இழுத்திருக்கான்."

"ஓடற இஞ்சின்ல எதுக்குங்க செல்ஃப் இழுக்கப் போறாங்க?"

"குடிகாரன் இழுப்பான். செவுடன் இழுப்பான். நீ எது?"

கியர் பாக்ஸை இறக்கி ஃப்ளைவீலைக் கழற்றும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கழற்றிய அன்று முதலாளியே தீர்ப்புக் கேட்க வெள்ளைச் சட்டையில் ஜட்காவில் வந்து இறங்கினார். கொட்டகையில் நாங்களும், ஒரு வெல்டரும், யாருடையது என்று தெரியாத ஒரு கோழியும் இருந்தோம். ஃப்ளைவீல் சாக்கின் மேல் கிடந்தது. எட்டிப் பார்த்தேன். வளையத்தைச் சுற்றி ஒரு பல் பாக்கியில்லாமல் முனை மழுங்கியிருந்தது. கெலமங்கலத்துப் பெண் வேறு எவன் பின்னாலோ மணவறையைச் சுற்றுவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

முதலாளி சாக்கின் அருகே குந்தி உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பல்லை விரலால் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். மெக்கானிக் என்னை விசாரித்தார். வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்தார். அப்பால் திரும்பி நிற்கச் சொல்லி, பின்னால் ஒரு சின்ன நட்டைக் கீழே போட்டார். சட்டென்று திரும்பினேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"ஞாயித்துக்கிழமை வண்டிய யாரு எடுக்கறது?"

"அன்னிக்கு எனக்கு லீவுங்க. ஐயாவே கோயிலுக்கு ஓட்டிக்கினு போவாரு."

"இழுக்கறப்போ கர்ர்ருன்னு சத்தம் வந்திருக்கணுமே. கோயில்ல யாருமா சொல்லல?"

வெல்டர்தான் பதில் சொன்னார். அவரும் அதே கோயிலுக்குப் போகிறவர். "வாராவாரம் வரும்ணா. எங்களுக்கே பல்லு கூசும். பெரியவர்கிட்ட யாரு சொல்றது?"

மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. அவருக்குப் பெரியவர் சின்னவர் கிடையாது. "அப்ப ஐயாதான் செஞ்சிருக்காரு!" என்றார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

என் வேலை தப்பியது. ஆனாலும் பெஞ்சுப் பக்கம் ஒதுங்கினேன். முதலாளி எழுந்து யாரை அறையப் போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பவே இல்லை. அடுத்த பல்லைத் தடவினார்.

மெக்கானிக்குக்கு இது புதுசு. அவர் பெயர் சொன்ன ஆட்கள் கத்துவார்கள், சத்தியம் செய்வார்கள், சட்டையைப் பிடிப்பார்கள். யாரும் இப்படிச் சும்மா இருந்ததில்லை. ஒரு நிமிஷம் அந்த முதுகையே பார்த்தார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார்.

"ஐயா! காலுக்குக் கீழ பாம்பு!"

நான் பெஞ்சின் மேல் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது. வெல்டர் ரோட்டுக்கே போய்விட்டார். கோழி கூரையில் நின்றது. முதலாளி மட்டும் அப்படியே உட்கார்ந்து, கோயில் பாட்டை மெல்ல முணுமுணுத்தபடி பல்லை எண்ணிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்கின் முகத்தில் அந்த மாதிரி ஒரு குழப்பத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆள் கிடைத்துவிட்டது. தடயம் சாக்கின் மேல் கிடக்கிறது. சாட்சியும் உண்டு. சொல்லுய்யா, இன்னொரு தடவை அவர் காதில் விழும்படி சொல்லு, என் பிழைப்பே அதில்தான் இருக்கிறது என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் மெதுவாகச் சுற்றிக்கொண்டு போய், முதலாளிக்கு எதிரே முகத்துக்கு முகம் குந்தினார்.

முதலாளி நிமிர்ந்தார். "என்ன, ஆள் கெடைச்சுதா?"

"கெடைச்சுதுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க டிரைவர்தான்."

அடப்பாவி, என்றேன். சத்தமாகவே சொல்லியிருப்பேன்.

"குடிக்கறவன் இல்லீங்க. பாவம், அவனுக்குக் காது மந்தம்." ஒவ்வொரு வார்த்தையையும் வாயைத் திறந்து நிதானமாகச் சொன்னார். "இஞ்சின் புடிச்சது கேக்காம மறுபடியும் இழுத்திருக்கான். வேணும்னு செய்யல."

"எனக்கா காது மந்தம்?" என்று நான் பாய்ந்தேன்.

"பாருங்க, நம்ம பேசறதுகூட அவனுக்குச் சரியா வெளங்கல" என்றார் மெக்கானிக், என் பக்கம் திரும்பாமலே.

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு கிரீஸ் அப்பிய தன் விரல்களைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுப்பது யார் என்று அவருக்குத் தெரியாதா? எல்லாம் தெரிந்த முகமாகத்தான் எனக்குப் பட்டது.

"காது கேக்கலேன்னா ஒருத்தனை வேலையை விட்டு எடுத்துருவாங்களா என்ன?" என்றார். குரல் வழக்கத்தைவிட இறங்கியிருந்தது. "வெளிய யார்கிட்டயும் சொல்லவேண்டாம்ப்பா. அவனுக்கு அசிங்கமா இருக்கும்."

"சொல்லமாட்டேங்க" என்றார் மெக்கானிக்.

அதற்குப் பிறகு வேலை சுருக்காக நடந்தது. வறட்டித் தீயில் வளையத்தைச் சுடவைத்து, தட்டிக் கழற்றி, பின்பக்கம் முன்னால் வருமாறு திருப்பிப் போட்டார். தேயாத முனை செல்ஃபைப் பார்த்தது. எல்லாம் மாட்டி முடித்ததும் முன் பலகையில் பல காலமாக எரியாமல் கிடந்த சின்ன பல்பை மாற்றினார். என்னை வண்டியில் உட்காரவைத்துவிட்டு, முகத்தை முதலாளி பக்கம் வைத்துக்கொண்டு என்னைத் திட்டினார்.

"டேய், சாவி போட்டா இந்தச் செவப்பு லைட்டு எரியும். இஞ்சின் ஓட ஆரம்பிச்சா அணையும். அணைஞ்சதுக்கு அப்புறம் செல்ஃப்ல கைய வெச்சே, கைய ஒடச்சிருவேன்!"

"கேட்டுக்க, நல்லாக் கேட்டுக்க" என்றார் முதலாளி, அந்தச் சிவப்பு விளக்கைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு.

மெக்கானிக் சொல்லவில்லைதான். வெல்டர் சொல்லிவிட்டார். நான் செவிடன் என்ற செய்தி என்னைவிட வேகமாகக் கெலமங்கலம் போய்ச் சேர்ந்தது. பெண்ணின் சின்னம்மா ஒருநாள் வந்தார். நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, தணிந்த குரலில் தெலுங்கில் என் மூக்கைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார். திரும்பாமலே நானும் தெலுங்கில் அவர் மூக்கைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னேன். "காது நல்லாத்தான் கேக்குது. வாய்தான் நீளம்" என்று அவர் போய்ச் சொல்ல, கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது.

மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போனேன். மாங்காய் மண்டிக்காரர் மானத்தை மனைவி முன்னால் கப்பலேற்றினீர்களே, அப்போது இந்த இரக்கம் எங்கே போயிருந்தது என்று கேட்டேன்.

"அவன் செஞ்சான். இவருக்குக் காது தானா போயிருக்குது. ரெண்டும் ஒண்ணா?" என்றார். "உன் மேல போட்டா ஒரு வாரத்துல ஒதறிட்டுப் போயிடுவ. அவர் மேல போட்டா ஊரு சாகறவரைக்கும் அதையே சொல்லிக் கூப்புடும். போ, வேலையப் பாரு." அப்படியும் என் கோபம் தீரவில்லை. அந்தக் கிளீனருக்கும் இந்த நியாயத்தைக் காட்டியிருக்கலாமே என்று இன்றைக்கும் தோன்றும்.

முதலாளியிடம் அந்தக் கோபத்தை வேறு விதமாகக் காட்டினேன். செவிடன் என்றுதானே பெயர் வைத்தீர்கள், செவிடன் மாதிரியே பேசுகிறேன் என்று எதற்கெடுத்தாலும் கத்தினேன். "ஐயா! வண்டி ரெடி!" "ஐயா! பாகலூர்ல மழை!" அவரும் செவிடனிடம் பேசுகிற மாதிரி என்னிடம் கத்தினார். "ம், ம்" என்பது குறைந்தது. பின் சீட்டிலிருந்து என் பக்கத்து சீட்டுக்கு வந்துவிட்டார். மழை, விலைவாசி, என் மாமியார் வீட்டு வழக்கு என்று பாகலூர் வரைக்கும் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டே போவோம். ரோட்டில் போகிறவர்கள் முதலாளிக்கும் டிரைவருக்கும் சண்டை என்று நினைத்து ஒதுங்குவார்கள்.

கொஞ்ச மாதம் கழித்து ஆயில் மாற்றக் கொட்டகைக்குப் போயிருந்தோம். மெக்கானிக் முதலாளியின் எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்துக் கேட்டார். "டிரைவர் காது இப்ப எப்பிடிங்க இருக்குது?"

முதலாளி ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவன் காது எப்படின்னு எனக்குத் தெரியாதுப்பா. ஆனா அவன் பேசறது இப்பல்லாம் எனக்கு நல்லாக் கேக்குது."